கோரைத்திட்டு பற்றி ரசிகர்களின் தாழ்மையான அபிப்பிராயம்

கோரைத்திட்டில் ஆளைக் கொல்கிறார்கள் என்ற சங்கதி, பொன்னேரி டென்ட் கொட்டகைக்குத் 'திரும்பாத படகு' படம் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் கோரைத்திட்டு ஆட்களுக்கே அது தெரியாது.

பழவேற்காட்டு ஏரிக்குள்ளே, நாலு பக்கமும் தண்ணீரும் சேறுமாகக் கிடக்கிற மண்மேடு அது. அங்கே இருக்கிற சனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கிளிஞ்சல் வாரிச் சுண்ணாம்புச் சூளைக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். பருவம் வந்தால் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். யார் காலைப் பார்த்தாலும் கிளிஞ்சல் கிழித்த கோடுதான். பொழுது சாய்ந்தால் கஞ்சியைக் குடித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போகிற சாதி. கொலை செய்யத் தனியாகத் தெம்பு வேண்டும். அது அவர்களிடம் மிச்சம் இருந்ததில்லை.

போன வருஷம் பட்டணத்திலிருந்து ஒரு படக் கம்பெனி வந்து அந்தத் திட்டில் கூடாரம் போட்டது. திட்டில் இருந்த நண்டையெல்லாம் தின்று தீர்த்தது. கம்பெனி டைரக்டருக்கு அங்கே ஒரு வழக்கம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மார்கழியில் ஏரி மேல் பனி இறங்கினால் நீட்டின கை தெரியாது. அந்த நேரத்தில் திட்டுப் பெண்கள் கரையில் நின்றுகொண்டு காலி மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தடியால் அடிப்பார்கள். சத்தம் வருகிற திக்கைப் பிடித்துக்கொண்டு படகுகள் சேற்றில் மாட்டாமல் வீடு வந்து சேரும்.

"இதை அப்படியே வெச்சுக்கலாம்" என்றார் டைரக்டர். அப்படியேதான் வைத்தார். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினார். படத்தில் அந்தத் தகரம் ஒலித்தால், திட்டுக்கு வந்த வெளியூர்க்காரன் மறுநாள் உயிரோடு இருக்க மாட்டான்.

படம் ஓடிய முதல் வாரத்திலேயே திட்டில் கிளிஞ்சல் வாருகிற பச்சையப்பனுக்குப் பேஜாரு பிடித்தது. கிளிஞ்சல் மூட்டையோடு சூளைக்குப் போனால் கணக்கப்பிள்ளை எட்ட நின்று "அங்கயே கொட்டிட்டுப் போ" என்றான். சந்தையில் திட்டு இறாலை ஒருத்தரும் தொடவில்லை. "இது இன்னாத்த துன்னு இவ்ளோ கொழுத்துக்கீது?" என்று ஒரு கிழவி கேட்டாள். டீக்கடையில் அவனுக்குத் தனிக் கிளாஸ் என்பது பழைய கதை. இப்போது அந்தத் தனிக் கிளாசைக் கழுவிக் கொடுக்கிற ஆள், அவன் தலையைக் கண்டதும் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று வீட்டில் இருந்தது. பச்சையப்பன் பெண்சாதி அஞ்சம்மாளுக்கு அது நிறைமாசம். தலைப்பிள்ளை குறுக்கே கிடந்து செத்தது. அப்போது பழவேற்காட்டிலிருந்து மருத்துவச்சி மரியம் பீவி வந்து சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. அஞ்சம்மாளை மட்டும் மீட்டுக் கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "பச்ச, அடுத்த தபா வலி எடுக்கறதுக்கு முன்னாலயே என்னை இட்டுகினு வந்துரு. லேட்டாச்சின்னா நான் பொறுப்பில்ல."

அதற்காகத்தான் பச்சையப்பன் பழவேற்காட்டுக்குப் போனான். மரியம் பீவி பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். வாசற்படியில் அவள் மகன் ஹனீப் கையை விரித்துக்கொண்டு நின்றான். கருவாட்டு வியாபாரி.

"உம்மா எங்கயும் வராது. அந்தப் படத்த நான் திரும்பத் திரும்பப் பாத்துக்கீறேன். ஒவ்வொரு தபாவும் அதுல வர்ற டாக்டரு திட்டுக்குப் போறான். ஒரு தபாகூடத் திரும்பி வர்ல."

"அடப்பாவி, எல்லாம் ஒரே பிலிமுடா" என்றாள் மரியம் பீவி.

"பாய், உன்கூட எத்தினி வருசமா மூட்ட தூக்கிகினு கீறேன்? எங்கூட்டுக்கு வந்து நீ நாஷ்டா துன்னதில்லியா?" என்று கேட்டான் பச்சையப்பன்.

"துன்னேன். அத்த இப்ப நெனச்சா வவுறு கலங்குது."

"அஞ்சம்மாவ உனுக்குத் தெரியாதா?"

ஹனீப் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "தெரியும். அதான் சொல்றேன். படத்துல அது வருது பச்ச. நீ இன்னும் பாக்கலியா?" பிறகு படியை விட்டு நகராமலே, "பொன்னேரில கமிட்டி போட்டுக்கீறாங்க. அந்தத் திட்டு வேற, உங்க திட்டு வேறன்னு அவங்க சொல்லட்டும். நானே உம்மாவப் படகுல ஏத்தி வுடறேன்" என்றான்.

சுதந்திரம் வந்த பிறகு பொன்னேரியில் கமிட்டி போடாத விஷயம் கிடையாது. வாய்க்காலுக்குக் கமிட்டி, வாராவதிக்குக் கமிட்டி. இது ரசிகர் அபிப்பிராயக் கமிட்டி. மக்கள் படம் பார்த்துக் கெட்டுப்போகிறார்களா, அல்லது கெட்டுப்போன மக்கள்தான் படம் பார்க்கிறார்களா என்று கண்டுபிடிப்பது அதன் நோக்கம். தலைவர் பூவராகவன் நெல் நிலம் நிறைய வைத்திருந்தவர். காரியதரிசி துளசிராமன் ரிஜிஸ்திரார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கமிட்டிக்கென்று சடங்குகள் உண்டு. முதல் ஆட்டம் முடிந்ததும் கொட்டகையின் வாசல் படலை இழுத்துக் கட்டிவிடுவார்கள். அபிப்பிராயம் சொல்லாமல் ஒருவரும் வெளியே போக முடியாது. வெள்ளைத் திரைக்கு மாலை போடுவார்கள். அபிப்பிராயம் சொல்கிறவர் சோடாப் பெட்டி மேல் ஏறித் திரையைப் பார்த்து நிற்க வேண்டும். ஜனங்களுக்கு முதுகைக் காட்டுவதில் தப்பில்லை. 'நான் பார்த்த அளவில்' என்று தொடங்கி 'என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்' என்று முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அது அபிப்பிராயம் ஆகாது, வெறும் பேச்சு.

பச்சையப்பன் போய் நின்ற அன்று சாயங்காலம், பூவராகவன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"படம் பாத்தியா?"

"இல்லீங்க. ஆனா அது பொய்ங்க சாமி. நான் அந்தத் திட்டு ஆளுதான்."

"படம் பார்க்காதவனுக்கு அபிப்பிராயம் கிடையாது."

"அய்யா பாத்துட்டீங்களா?"

துளசிராமன் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "தலைவர் பார்க்கலாகாது. பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும்."

"ரொம்ப சரி" என்றார் பூவராகவன். "பார்க்காத விஷயத்தில்தான் எனக்கு அபிப்பிராயம் அழுத்தமாக விழும். பார்த்துவிட்டால் குழம்பிப்போகும்."

பச்சையப்பன் மண் தரையில் போய் உட்கார்ந்தான்.

விளக்கு அணைந்தது. திரையில் ஏரி வந்தது. அவனுடைய ஏரிதான். தண்ணீரில் சாய்ந்து கிடக்கிற முள்மரம்கூட அவன் துணி காயப்போடுகிற மரம். ஆனால் ஏதோ சரியில்லை. அந்தத் தண்ணீர் இத்தனை கறுப்பாக இருந்து அவன் பார்த்ததில்லை. கோரை அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. நல்லவர்போல இருக்கிற ஒரு பட்டணத்து டாக்டர் படகை விட்டு இறங்கினார். திட்டு ஜனங்கள் வரிசையாக நின்று அவரைப் பார்த்தார்கள். எல்லாரும் பச்சையப்பனுக்குத் தெரிந்த முகங்கள். எதிர்வீட்டுக்காரன், அண்ணன் மகன், சுருட்டுக்கு அலைகிற கிழவன். ஒருத்தரும் கண் சிமிட்டவில்லை. நம்மாட்கள் இப்படிப் பார்ப்பார்களா என்று நினைத்தான். சினிமாவுக்காகப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தான். அப்புறம், எங்கோ ஒருதரம் இப்படிப் பார்த்ததாகவும் தோன்றியது.

பனி இறங்கியது. தகரம் ஒலித்தது. பனிக்குள்ளிருந்து ஒரு பெண் முகம் பெரிதாகி, பெரிதாகி, கொட்டகை அகலத்துக்கு வந்து நின்றது.

அஞ்சம்மாள்.

கையில் தடி. முகத்தில் ஒரு சிரிப்பு. படம் பிடித்த அன்று டைரக்டரின் காலை நண்டு கவ்வி அவர் குதித்ததற்காகச் சிரித்த சிரிப்பு என்று பச்சையப்பனுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று அவனும்தான் சிரித்தான். ஆனால் திரையில் டைரக்டரும் இல்லை, நண்டும் இல்லை. காலியான ஒரு படகு ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள். கொட்டகையே அலறியது. அந்த அலறலில் தன்னுடைய குரலும் இருந்ததைப் பச்சையப்பன் கேட்டான்.

படலை இழுத்துக் கட்டினார்கள். ஒவ்வொருத்தராகப் பெட்டி மேல் ஏறினார்கள்.

"நான் பாத்த அளவுல, அந்தத் திட்டு ஆளுங்க கண்ணே ஒரு தினுசு. நான் அப்பவே சொன்னேன், என் ஊட்டுக்காரன் கேக்கல என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்."

"நான் பாத்த அளவுல, என் மாமியாள அங்க ஒரு மாசம் இருந்துட்டு வரச் சொல்லணும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்."

"நான் பாத்த அளவுல, படல அவுத்து வுடுங்கப்பா, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்."

எல்லாவற்றையும் துளசிராமன் 'படம் உண்மை' என்ற பக்கத்தில் சேர்த்தார். கடைசியில் பச்சையப்பன் ஏறினான். வெள்ளைத் திரையில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் பாத்த அளவுல..." என்று தொடங்கினான். "என் பொஞ்சாதி யாரையும் கொல்லல. பனியில படகுக்கு வழி தெரியத்தான் நாங்க தகரம் அடிக்கறது. அவளுக்குப் புள்ள பொறக்கற நேரம். மருத்துவச்சிய அனுப்பச் சொல்லணும்." நிறுத்தினான். துளசிராமன் பென்சிலைக் காட்டி ஜாடை செய்தார். "என்பது என் தாழ்மையான அபிப்பிராயங்க."

பூவராகவன் மெல்ல எழுந்து நின்றார்.

"மகாஜனங்களே! தன் பெண்சாதி கொலைகாரி அல்ல என்பது வெறும் அபிப்பிராயம்தான் என்று இந்த மனிதனே உங்கள் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் நேர்மையை நான் மெச்சுகிறேன். ஆனால் அபிப்பிராயம் என்று வந்துவிட்டால், ஒரு கொட்டகை அபிப்பிராயம் பெரிதா, ஒற்றை ஆள் அபிப்பிராயம் பெரிதா? வெள்ளைக்காரன் காலத்தில் உண்மை என்பது யாரோ ஒருவர் பார்த்துச் சொல்வதாக இருந்தது. இன்று அது நம் எல்லாருடைய சொத்து. அதை ஒருத்தன், நான் அங்கேயே பிறந்தவன் என்ற ஒரே காரணத்துக்காகத் தட்டிப் பறிக்க விடலாமா?"

கைத்தட்டல் அடங்க நேரமானது.

"நீ பயந்தாயா?" என்று துளசிராமன் கேட்டார்.

பச்சையப்பனுக்குப் பொய் வராது. "பயந்தேன்."

"எழுதிக்கொள்கிறேன். திட்டுவாசியே பயந்தான்."

இருந்தாலும் கமிட்டி இரக்கமில்லாத கமிட்டி அல்ல. பச்சையப்பன் தலைவர் காலில் விழுந்ததும், ஸ்தல பரிசோதனை செய்வது என்று தீர்மானமாயிற்று. கமிட்டியே போகிற படகு என்றதும் ஹனீப்பும் உம்மாவை அனுப்பச் சம்மதித்தான். கமிட்டி புறப்படச் சில நாளானது. தலைவருக்கு நல்ல நாளும், காரியதரிசிக்கு ரப்பர் செருப்பும் கிடைக்க வேண்டியிருந்தது.

அந்தச் சில நாளும் பச்சையப்பன் வீட்டில்தான் படுத்தான். ஆனால் கண் மூடவில்லை. அஞ்சம்மாள் கையை ஊன்றி எழுந்தால் இவனும் எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னாய்யா அப்படிப் பாத்துகினு கீற? பூதத்தப் பாத்த மாரி?"

"ஒண்ணுமில்ல."

"கமிட்டி இன்னா சொல்லிச்சி?"

"வர்றாங்க."

"வந்தா சரி" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பச்சையப்பன் விளக்கைத் தூண்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

புறப்பட்ட காலையில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. பச்சையப்பன் கழி ஊன்றித் தள்ளினான். பூவராகவன் குடையோடு நடுவில். துளசிராமன் காகிதக் கட்டோடு முன்னால். மரியம் பீவி பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசியில். பாதி ஏரி தாண்டியதும் வடக்கிலிருந்து பனி வந்து மூடியது. முதலில் கரை போனது, அப்புறம் தண்ணீர் போனது, அப்புறம் ஒருவர் முகம் ஒருவருக்குப் போனது.

அப்போது தகரம் ஒலித்தது.

டம். டம். டம்.

"யா அல்லா, நல்லதாப் போச்சு. அஞ்சம்மாவுக்கு வலி கண்டுருக்கும். நம்ம படகு வருதுன்னு அடிக்கறாங்க. நேராத் தள்ளு பச்ச, கிட்டத்துலதான் கீது" என்றாள் மரியம் பீவி.

"படகைத் திருப்பு!" என்று குடைக்குள்ளிருந்து தலைவர் குரல் வந்தது.

"அய்யா, அது வழி காட்ற சத்தம்யா!"

"படத்திலும் டாக்டரிடம் அப்படித்தான் ஒரு பொம்பளை சொல்கிறாளாம்" என்றார் துளசிராமன். அவருக்குப் பல் தந்தியடித்தது. "தலைவரே, தீர்மானமாக முன்மொழியுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு ஆட்சேபணை வரும்."

"கமிட்டி உறுப்பினர்களின் உயிரை உத்தேசித்து இந்தப் படகு திரும்ப வேண்டும் என்று முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன். ஆட்சேபிக்கிறவர்கள்?"

"நானு!" என்று மரியம் பீவி கத்தினாள். "அங்க ஒரு பொம்பள செத்துகினு கீறாடா, கட்டையில போறவங்களா! புள்ள குறுக்க கெடந்தா ஒவ்வொரு நிமிசமும் கணக்குடா!"

"ஓர் ஆட்சேபணை. படகுக்காரன் என்ன சொல்கிறான்?"

பச்சையப்பன் கையில் கழி இருந்தது. சத்தம் எந்தத் திக்கு என்று அவன் காலுக்கே தெரியும். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் நடந்து வீடு சேர்ந்தவன். நாலு தள்ளுத் தள்ளினால் கரை தட்டும். அவன் பனியைப் பார்த்தான். பனி கொட்டகைத் திரைபோல வெள்ளையாக, அகலமாக நின்றது. டம், டம் என்றது. அதில் ஒரு முகம் வரப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியது. வந்து, பெரிதாகி, காலிப் படகைப் பார்த்துச் சிரிக்கும்.

அவன் வாயைத் திறக்கவில்லை.

"பச்ச! டேய் பச்ச!" என்று மரியம் பீவி அவன் முதுகில் குத்தினாள்.

"படகுக்காரன் நடுநிலை" என்றார் துளசிராமன். "தீர்மானம் நிறைவேறியது." எழுந்து வந்து கழியை அவன் கையிலிருந்து வாங்கினார். பிடுங்கவில்லை, வாங்கினார். பச்சையப்பன் அதைக் கொடுத்தான்.

ரிஜிஸ்திரார் ஆபீஸ்காரர் தள்ளிய படகு சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் ஏறி நின்றது. தகரம் வெகுநேரம் ஒலித்தது. பிறகு வேகம் குறைந்தது. பிறகு, அடிக்கிறவர்களை யாரோ உள்ளே கூப்பிட்டதுபோலச் சட்டென்று நின்றது. அந்த அமைதி தகரத்தைவிட மோசமாக இருந்தது. மரியம் பீவி மட்டும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதையோ ஓதிக்கொண்டிருந்தாள்.

பனி விலகியபோது திட்டு எதிரிலேயே இருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். கரையில் ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தரும் கண் சிமிட்டவில்லை.

"பார்த்தீர்களா, தலைவரே! அதே பார்வை" என்றார் துளசிராமன்.

மரியம் பீவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொடை வரைக்கும் சேற்றில் இறங்கி நடந்து போனாள். அவள் போனபோது பிள்ளை பிறந்து கிடந்தது. ஆண். அழவில்லை. அவள் என்னென்னவோ செய்துபார்த்தும் அது அழவில்லை. அஞ்சம்மாளுக்கு மட்டும் மூச்சு இருந்தது.

பூவராகவனைத் திட்டு ஆட்கள் இரண்டு பேர் தோளில் தூக்கிவந்து காய்ந்த மணலில் இறக்கிவிட்டார்கள். சங்கதியைக் கேட்டதும் அவர் தலையைக் குனிந்தார். நல்ல மனிதர், கண் கலங்கியது. பிறகு பேசினார்.

"கோரைத்திட்டு மக்களே! உங்கள் துக்கத்தில் கமிட்டி பங்குகொள்கிறது. நாங்கள் திறந்த மனதோடுதான் வந்தோம். பனி இறங்கியது. தகரம் ஒலித்தது. ஒரு உயிர் போயிற்று. படத்தில் உள்ளதற்கும் இதற்கும் அணுவளவும் வித்தியாசம் இல்லை என்பதை நேரில் கண்டேன். இனியும் இப்படி ஓர் உயிர் போகக்கூடாது என்கிற ஒரே நல்லெண்ணத்தில், இந்தத் தகரங்களை இன்றே கமிட்டி எடுத்துக்கொள்கிறது."

யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பும் அன்று இல்லை. துளசிராமன் தகரங்களை அடுக்கிப் படகில் ஏற்றச் சொன்னார். ஏற்றியவர்கள் திட்டு ஆட்கள்தான்.

குடிசைக்குள் மரியம் பீவி துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பச்சையப்பனை அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவன் தலைமாட்டில் குந்தினான். அஞ்சம்மாள் முகம் வெளுத்துச் சின்னதாக இருந்தது. அவ்வளவு சின்ன முகமா அவளுக்கு என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"தகரச் சத்தம் உனுக்குக் கேக்கல?" என்று அவள் கேட்டாள்.

"கேட்டுது."

"நான்தான் அடிக்கச் சொன்னேன். கை வலிச்சா ஆள மாத்திகினு அடிங்கன்னு சொன்னேன். வந்துருவாருன்னு சொன்னேன்."

"கமிட்டி தீர்மானம் போட்டுட்டாங்க அஞ்சு. திருப்பணும்னு..."

"கமிட்டிய யாரு கேட்டா? கழி யாரு கையில இருந்துது?"

அவள் மெல்ல, உடம்பு வலிக்காதபடி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வெளியே துளசிராமன் கூப்பிட்டார். தலைவருக்குச் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டதாம். பச்சையப்பன் எழுந்து போனான். அவர்களைக் கரை சேர்க்க வேறு ஆள் இல்லை.